உப்புத் தண்ணீர் மாடல் சொல்வதை விட ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறது, எங்கே தப்பு?

குடியாத்தம் பையன்:
வணக்கம். ப்ராஜெக்டுக்காக மணலுக்குள் உப்பு எப்படிப் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பூச்சு வேலைக்கு இறக்கிய பாலாற்று மணலைச் சலித்து, அலசி, காயவைத்து, 5 செ.மீ. உள்விட்டம், 50 செ.மீ. நீளம் உள்ள கண்ணாடிக் குழாயில் தட்டித் தட்டி நிரப்பினேன். மணல் 1613 கிராம் பிடித்தது, அதிலிருந்து போரோசிட்டி (மொத்தக் கனஅளவில் மணிகளுக்கு நடுவில் உள்ள சந்தின் பங்கு) 0.38 என்று வந்தது. மேலே இருந்து தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, அப்புறம் லிட்டருக்கு 10 கிராம் உப்புக் கரைசலை மருந்துக்கடை டிரிப் செட் வழியாக நிமிடத்துக்கு 5 மி.லி. விட்டேன். கீழே சொட்டுகிற தண்ணீரை இ.சி. மீட்டரில் (மின்கடத்துதிறன் அளக்கும் கருவி) பார்த்தால், பாதி உப்பு, அதாவது உள்ளே விட்ட செறிவில் பாதி, 67ஆவது நிமிடத்தில் வந்துவிடுகிறது. பைத்தானில் நானே எழுதிய நிரலோ 196 நிமிடம் என்கிறது! மூன்று தடவை ஓட்டியாகிவிட்டது. வேகத்தை 5ஐக் குழாயின் குறுக்குப் பரப்பு 19.6ஆல் வகுத்து 0.255 செ.மீ./நிமிடம் என்று போட்டேன், டிஸ்பெர்ஷன் (உப்பு முகப்பு போகப் போகப் பரவி மங்குகிற அளவு) 0.2 செ.மீ.²/நிமிடம். தப்பு எங்கே என்று யாராவது சொல்லுங்களேன்.

வாலாஜா கிணற்றடி:
தம்பி, இது எல்லோரும் ஒருமுறை விழுகிற குழிதான். 0.255 என்பது குழாய் முழுக்கத் தண்ணீர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வருகிற டார்சி வேகம். தண்ணீர் மணிகளுக்கு நடுவில் உள்ள சந்தில் மட்டும்தானே ஓடுகிறது, அதனால் போரோசிட்டியால் வகுக்க வேண்டும். 0.255ஐ 0.38ஆல் வகுத்தால் 0.67. ஐம்பது செ.மீ. கடக்க 75 நிமிடம்.

குடியாத்தம் பையன்:
ஐயோ, ஆமாம் அண்ணா. மாற்றியதும் 75 வந்துவிட்டது. ஆனால் இரண்டு சிக்கல் மிச்சம். ஒன்று, சோதனையில் 67தான், எட்டு நிமிட வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இன்னொன்று, முன்பு லேசாக இருந்த ஒரு கோளாறு இப்போது மோசமாகிவிட்டது, உப்பு வரும் முகப்பில் வரைபடம் பல்லுப் பல்லாக ஏறி இறங்குகிறது, சில இடத்தில் செறிவு மைனஸில் கூடப் போகிறது. நிரலில் குழாயைப் பிரித்த கட்டம் 2 செ.மீ., ஒவ்வொரு நேரப்படி 0.5 நிமிடம், சென்ட்ரல் டிஃபரன்ஸ் (இருபக்கத்துக் கட்டங்களையும் வைத்துச் சரிவைக் கணக்கிடும் முறை).

வாலாஜா கிணற்றடி:
பல்லுக்குக் காரணம் கட்டம்தான். வேகத்தைக் கட்ட நீளத்தால் பெருக்கி டிஸ்பெர்ஷனால் வகுத்துப் பாருங்கள், பெக்லெட் எண் 6.7 வருகிறது. சென்ட்ரல் டிஃபரன்ஸில் அது 2க்குள் இருக்க வேண்டும். அப்விண்ட் முறைக்கு (தண்ணீர் வரும் பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்க்கும் முறை) மாறினால் பல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள், போகும்தான், ஆனால் 2 செ.மீ. கட்டத்தில் அது தானாகவே சுமார் 0.56 டிஸ்பெர்ஷனைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிடும், உங்களுடைய 0.2 அதில் காணாமலே போய்விடும். கட்டத்தை 0.5 செ.மீ. ஆக்குங்கள். நேரப்படியையும் 0.1க்குக் குறையுங்கள், ஏனென்றால் 0.5இல் முன்னோக்கி ஆய்லர் முறை (இப்போதைய மதிப்பிலிருந்தே அடுத்த நேரப்படியைக் கணக்கிடுவது) 0.11 அளவுக்கு டிஸ்பெர்ஷனைக் கழித்துவிடும். பிறகு 1961இல் ஒகாட்டாவும் பேங்க்ஸும் இதே சமன்பாட்டுக்குக் கொடுத்த கணிதத் தீர்வோடு ஒட்டிப் பாருங்கள், அது ஒத்துப்போகாமல் சோதனைத் தரவைத் தொடவே வேண்டாம்.

சத்துவாச்சாரி டீச்சர்:
எட்டு நிமிடத்துக்கு நான் சொல்கிறேன். காய்ந்த மணலில் மேலே இருந்து தண்ணீர் ஊற்றினீர்கள் அல்லவா, காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே மாட்டியிருக்கும். மணல் எடையிலிருந்து எடுத்த 0.38 மொத்தச் சந்து, அதில் காற்று பிடித்த இடத்தில் தண்ணீர் ஓடாது. குழாயை அப்படியே தராசில் வையுங்கள், காலிக் குழாயையும் மணலையும் கழித்தால் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்று தெரியும். நியாயமாக 373 வர வேண்டும். இன்னொன்று, 10 கிராம் கரைசல் கனமானது, அதை மேலிருந்து விட்டால் விரல் விரலாகக் கீழே இறங்கி முன்னாலேயே வந்துவிடும். 1 கிராமுக்குக் குறைத்து, கீழிருந்து மேலாக விடுங்கள். அப்புறம் உங்கள் மீட்டர் வெப்பநிலையைத் தானாகச் சரிசெய்கிறதா? மின்கடத்துதிறன் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும், நம்ம ஊர் வெயிலில் காலையில் தொடங்கி மத்தியானம் முடிக்கிற சோதனைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

குடியாத்தம் பையன்:
மேடம், 336 கிராம்! 5ஆல் வகுத்தால் 67 நிமிடம், அச்சு அசலாக. குழாயைச் சுவரோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நடுவில் மிளகு அளவுக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன, இத்தனை நாள் அது மணலின் நிறம் என்று நினைத்திருந்தேன். மறுபடி காயவைத்து, கீழிருந்து ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக நிரப்பினேன், 368 கிராம் பிடித்தது. 1 கிராம் கரைசலில் பாதி உப்பு 74ஆவது நிமிடம். பல்லும் போய்விட்டது. இனி இதே டிஸ்பெர்ஷனை வைத்து, பாலாற்றங்கரையில் உப்பு ஒரு கிணற்றுக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போடலாமா?

வாலாஜா கிணற்றடி:
கூடாது தம்பி. உங்கள் குழாயில் டிஸ்பெர்சிவிட்டி, அதாவது டிஸ்பெர்ஷனை வேகத்தால் வகுத்தது, 0.3 செ.மீ. போல வருகிறது. கரையில் மணல், களி, கூழாங்கல் என்று மாறி மாறி இருக்கும், 100 மீட்டர் தூரத்துக்கு அது பல மீட்டராகிவிடும். குளோரைடு மணலில் ஒட்டாது என்பதால் உங்களுக்கு அந்தக் கவலையாவது இல்லை, தோல் பதனிடும் இடத்து ஊறல் தண்ணீரின் உப்பு பெரும்பாலும் குளோரைடுதான். குரோமியம் என்றால் கதை வேறு, ஆறு இணைதிறன் வடிவம் தண்ணீரோடு ஓடும், மூன்று வடிவம் மணலிலேயே தங்கிவிடும். முதலில் அந்தக் கிணற்றைச் சுற்றி மூன்று இடத்தில் நீர்மட்டம் அளந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லுங்கள், பக்கத்துத் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடாத நேரத்தில் அளக்க வேண்டும்.