டிராக்கிங் லிங்க்ல அடுத்தவங்க லோடு விவரம் தெரியுதுங்க, என்ன பண்றது?

பனியன்பேல்:
திருப்பூர்ல எங்க குடும்பம் லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்குதுங்க, டெல்லி, கொல்கத்தாவுக்கு பனியன் பேல் (கட்டுன மூட்டை) ஏத்தறோம். போன வருஷம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கி பார்ட்டிகளுக்கு வாட்ஸ்அப்ல டிராக்கிங் லிங்க் அனுப்ப ஆரம்பிச்சோம். லிங்க் கடைசில எல்ஆர் நம்பர் (லோடுக்குப் போடற லாரி ரசீது நம்பர்) அப்படியே இருக்கும். போன வாரம் ஒரு பார்ட்டி 48216ங்கறத 48217ன்னு மாத்திப் போட்டுப் பாத்திருக்காரு, பக்கத்து கம்பெனி டெல்லில யாருக்கு எத்தனை பேல் அனுப்புதுன்னு வாங்கறவர் போன் நம்பரோட வந்துருச்சுங்க. அந்தக் கம்பெனிக்காரங்க 20 வருஷமா அப்பாகிட்ட லோடு குடுக்கறவங்க, ஆபீஸுக்கே வந்து கேட்டாங்க, அப்பாவால நிமிந்து பாக்க முடியல. லிங்க்கை நிறுத்துனா "வண்டி எங்க"ன்னு நாள் முழுக்க போன். வழி சொல்லுங்க.

சர்வர்_ரூம்:
முதல்ல அந்த பேஜை இன்னைக்கே மூடச் சொல்லுங்க. புது லிங்க்ல எல்ஆர் நம்பரே இருக்கக் கூடாது, யூகிக்க முடியாத நீளமான ரேண்டம் எழுத்துங்க இருக்கணும், சரக்கு இறங்கி சில நாள்ல லிங்க் செத்துடணும். லிங்க்கை ஃபார்வர்ட் பண்ணிடுவாங்க, அதனால அதுல "கிளம்பியாச்சு, நாளைக்கு இறங்கும்" அவ்வளவுதான் தெரியணும், பேர், பேல் கணக்கெல்லாம் ஓடிபி போட்டாதான். எல்ஆர் நம்பரை ஹாஷ் பண்ணிடறேன்னு, அதாவது ஒரு ஃபார்முலாவுல போட்டு வேற எழுத்துங்களா மாத்திடறேன்னு, சாஃப்ட்வேர்காரர் சொன்னா ஒத்துக்காதீங்க. அஞ்சு இலக்கம்னா மொத்தமே 1 லட்சம் நம்பர், எல்லாத்தையும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பாக்க ஒரு செகண்ட் போதும். மொபைல் நம்பரும் அப்படித்தான், கொஞ்சம் கூட நேரம் ஆகும், அவ்வளவுதான்.

சங்ககிரி_வண்டி:
டிரைவரையும் நினைச்சுப் பாருங்க. என் மச்சான் டெல்லி லைன் ஓட்டறாரு. போற வழியில சங்ககிரில வீட்டு முன்னாடி வண்டிய நிறுத்தி, காய்ச்சல்ல கெடந்த புள்ளைய தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தாரு, அரை மணி நேரம்கூட ஆகல, நைட்டு 11 மணிக்கு பார்ட்டி நேரா அவர் நம்பருக்கு போன் பண்ணி ஏன் வண்டி நகரலன்னு கத்தறாரு. மேப்ல புள்ளி ஓடறத பார்ட்டிக்கு காட்டவே வேண்டாங்க. சேலம் தாண்டுச்சு, நாக்பூர் தாண்டுச்சுன்னு மெசேஜ் போனா பத்தாதா? இறக்குனதும் டிராக்கிங் ஆஃப் ஆகணும். லோடோட வண்டி ராத்திரி எங்க நிக்குதுன்னு ஊருக்கே தெரிஞ்சா அதுவும் ஆபத்துங்க.

துறைமுகத்தான்:
தூத்துக்குடில கிளியரிங் வேல பாக்கேன். எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். கன்டெய்னர் நம்பர் 4 எழுத்து 7 இலக்கம், அது தெரிஞ்சா போதும், கப்பல் கம்பெனி சைட்ல யார் வேணும்னாலும் அது எங்க இருக்குன்னு பாக்கலாம். சீல் அடிச்சத போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க. அமெரிக்காவுக்கு கப்பல்ல போற சரக்கோட மேனிஃபெஸ்ட்ல (சரக்குப் பட்டியல்ல) அனுப்பறவர் பேரும் வாங்கறவர் பேரும் வெளிய வந்துரும், அத வாங்கி விக்கவே கம்பெனிங்க இருக்கு. உங்க பையர் அங்க கஸ்டம்ஸ்ல எழுதிக் கேட்டா ரெண்டு பேர் பேரையும் மறைப்பாங்க, ஆனா 2 வருஷம்தான், மறுபடியும் கேக்கணும்.

பனியன்பேல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பேஜை மூடியாச்சு. புள்ளி ஓடற மேப்பையும் எடுக்கச் சொல்லிட்டேன், அது எனக்கு தோணவே இல்லீங்க. புது லிங்க் ரெடியானதும் அப்பாவ கூட்டிட்டு அந்த கம்பெனிக்குப் போய், அவங்க போன்லயே நம்பரை மாத்திப் போட்டுப் பாக்கச் சொல்லப் போறேன்.