குடல்வால் வீக்கம்: வலி நின்றுவிட்டால் தப்பித்த மாதிரியா?

தென்றல்: அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) வீங்கினால் எத்தனை மணி நேரத்தில் வெடிக்கும்? வலி குறைந்ததும் ஆபரேஷன் வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்களே, சரியா? யாருக்குச் சிக்கல் அதிகம்?

சர்ஜரி_பிஜி: எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது. பொதுவாக முதல் 24 மணி நேரத்தில் வெடிப்பது குறைவு. 36 தாண்டினால் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். இறுகிய மலக்கல் குடல்வாலின் வாயை அடைத்தால் உள்ளே சுரக்கும் நீருக்கு வழியில்லை. அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்று, சுவர் கறுத்து அழுகி ஓட்டை விழும். ஓட்டை விழுந்ததும் அழுத்தம் இறங்குவதால் வலி சட்டென்று தணியலாம். ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். சில மணி நேரத்தில் வலி வயிறு முழுக்கப் பரவும், வயிறு பலகை மாதிரி இறுகும், காய்ச்சல் ஏறும், நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டும், இருமக்கூட முடியாது. அது பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்றின் உள்சவ்வு வீங்குவது. வலி குறைந்ததை மட்டும் வைத்து வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

வார்டு_சிஸ்டர்: ஆபத்து யாருக்கு என்பதற்கு:

5 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வாந்தி, பேதி என்று வருவதால் ஃபுட் பாய்சன் என்றே நினைப்பார்கள். சீழைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும் கொழுப்புத்திரையும் அந்த வயதில் மெலிசு. அதனால் வெடித்தால் வயிறு முழுக்கப் பரவிவிடும்.

வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள். காய்ச்சலும் வலியும் அடக்கமாகவே இருக்கும்.

கர்ப்பிணிகள். கருப்பை வளர வளர குடல்வால் மேலே தள்ளப்படுவதால் வலி விலாவுக்குக் கீழேகூட வரலாம். வெடித்தால் கரு கலையும் அபாயம் பல மடங்கு. ஸ்கேனில் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

இன்னொன்று: விளக்கெண்ணெய், எனிமா இரண்டும் கூடவே கூடாது.

தென்றல்: நன்றி சிஸ்டர். ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டுச் சமாளிக்க முடியாதா?

சர்ஜரி_பிஜி: வெடிக்காத வீக்கமாக இருந்தால் சிலருக்கு முடியும். அமெரிக்காவில் 2020-இல் வெளியான கோடா ஆய்வில், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. மலக்கல் இருந்தவர்களில் அது 41 சதவீதம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'அப்பெண்டிகோலித்' (மலக்கல்தான்) என்று இருந்தால் மருந்தை மட்டும் நம்புவது எனக்கு உவப்பில்லை.

வலி தொடங்கிச் சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்து, வலது அடிவயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் கதை வேறு. குடல் ஒட்டிப் பிணைந்திருக்கும்; அவசரமாகத் திறந்தால் குடலே கிழியலாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பெரிய சீழ்க்கட்டி என்றால் ஸ்கேன் பார்த்தபடி குழாய் போட்டு வடிப்பார்கள். 40 வயது தாண்டியவர்களுக்குப் பின்னர் கொலனோஸ்கோபியும் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) அவசியம். குடல் புற்றுநோய் அதே வேஷத்தில் வரும்.

வார்டு_சிஸ்டர்: ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி காய்ச்சல், சளி மாதிரி அடிக்கடி மலம், முக்கிக்கொண்டே இருப்பது என்றால் பேதி மாத்திரை போட்டு அடக்காதீர்கள். இடுப்புக்குழியில் சீழ் தேங்கியிருக்கலாம், அன்றைக்கே ஸ்கேன் எடுக்கணும்.