திடலோடி, திடலுலா, ஊர்க்கழகம்: மூன்று சொற்களுக்கான விவாதம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்காக இங்கிலாந்தின் சின்னக் கால்பந்துக் கழகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. ஆனால் 'கிரவுண்ட்ஹாப்பிங்', 'நான்-லீக்' என்ற இரண்டுக்கும் தமிழ் இல்லாமல் மேலே நகர முடியவில்லை. ஜெர்மனிக்காரர்கள் முதல் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாமும் எழுத்துக்கூட்டிப் போட்டுவிடலாம்தான். ஆங்கிலம் அதிகம் பழகாத வாசகருக்கு அது வெறும் ஓசையாகவே நிற்கும் என்பதால் இங்கே கொண்டுவருகிறேன்.

சொல்லைத் தேடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டத்துக்குப் பெரும்பாலானோர் தங்கள் அணி எங்கே ஆடுகிறதோ அங்கே போவார்கள். சிலர் மட்டும், இதுவரை தாங்கள் போகாத திடல் எதுவோ அங்கே போவார்கள். யார் ஜெயித்தாலும் அவர்களுக்குச் சரி. புதுத் திடலில் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டும், வீட்டுக்கு வந்து கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். மேல் நான்கு அடுக்குகளில் மொத்தம் 92 கழகங்கள். அத்தனை திடல்களிலும் ஆட்டம் பார்த்து முடித்தவர்களுக்கென்று 1978இல் '92 கிளப்' என்றே ஓர் அமைப்பு வந்தது. 92ஐ முடித்தவர் அதோடு ஓய்ந்து உட்காருவதில்லை, கீழே இறங்குகிறார். அங்கேதான் இந்தப் பழக்கம் களைகட்டுகிறது. கீழே திடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒன்றைப் போல இன்னொன்று இல்லை.

ஒரு திடலை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். சசெக்ஸில் லூயிஸ் என்று ஒரு சிறு நகரம். ரயிலை விட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் 'டிரிப்பிங் பேன்' திடல் வந்துவிடும். அங்கே ஆடும் லூயிஸ் கழகம் 1885இல் பிறந்தது. ஆடுகளம் பள்ளத்தில் கிடக்கிறது, அதை ஒட்டிப் புல் மேடு. மேட்டில் ஏறி நின்றால் ஆட்டம் உங்கள் காலடியில் நடக்கும், தலையை நிமிர்த்தினால் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று தெரியும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது, தங்கள் அணி கோல் அடிக்கப் போகும் பக்கத்துக்கு ரசிகர்களும் மொத்தமாக நடந்து போவது இந்த அடுக்குகளில் எங்கும் பார்க்கக்கூடிய காட்சி. மேல் ஐந்து அடுக்குகளில் ஆடுகளம் தெரியும் இடத்தில் மது குடிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. கீழே விடும், அதனால் ஆளுக்கொரு கோப்பையோடு கம்பியில் சாய்ந்து நிற்பார்கள். 2017இல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சம ஊதியம் என்று அறிவித்ததும் இதே லூயிஸ் கழகம்தான். ரசிகர்களே உரிமையாளர்களாக இருப்பதால் அப்படி ஒரு முடிவை எடுக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

கணக்கு விதிகளில் இவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். ஆட்டமில்லாத நாளில் போய்க் கதவிடுக்கில் எட்டிப்பார்த்தால் கணக்கில் வராது, இதில் எல்லோரும் ஒரே கட்சி. முழு ஆட்டமும் இருக்க வேண்டுமா, பாதி போதுமா என்பதில்தான் பிரிகிறார்கள். ஆட்டமலர் வாங்கினால்தான் கணக்கு என்பவர் உண்டு (விழா மலர் மாதிரி, அன்றைய ஆட்டத்துக்காகக் கழகம் அச்சிடும் சிறு புத்தகத்தை ஆட்டமலர் என்கிறேன்). கோல் விழாத ஆட்டம் செல்லாது என்று அதே திடலுக்கு மறுபடி வருகிறவரும் உண்டு.

இப்போது சொல். 'மைதானத் தாவல்' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. தமிழில் தாவல் என்றதுமே கட்சித் தாவல்தான் காதில் விழுகிறது, விசுவாசத்தை விற்றவர் என்ற பழி ஒட்டிக்கொள்கிறது. இவர்களில் பலர் சொந்த அணி ஒன்றைக் கடைசிவரை விடாதவர்கள். என் முன்மொழிவு 'திடலுலா'. சுற்றுலாவில் இருக்கும் அதே உலா.

'நான்-லீக்' இன்னும் சிக்கல். அந்த 92க்குக் கீழே உள்ள கழகங்களின் கால்பந்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். 'லீக் அல்லாத கால்பந்து' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும், ஏனென்றால் இந்தக் கழகங்கள் எல்லாம் லீக்குகளில்தான் ஆடுகின்றன. நார்தர்ன் லீக் 1889இல் தொடங்கியது, இஸ்த்மியன் லீக் 1905இல். ஆங்கிலத்தில் 'லீக்' என்று குறிப்பது 1888இல் 12 கழகங்களோடு தொடங்கிய 'ஃபுட்பால் லீக்' என்ற ஒன்றை மட்டும். வெளியிலிருந்து அதற்குள் நுழைய வேண்டுமானால் உள்ளே இருப்பவர்கள் வாக்களித்துச் சேர்க்க வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் முறை. 1987இல்தான் வென்ற அணி தானாக மேலே போகும் வழி திறந்தது. அப்படி முதலில் போனது ஸ்கார்பரோ, அதற்கு இடம்விட்டு இறங்கியது லிங்கன் சிட்டி. ஆக இது கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் வைத்த பெயர். 'கீழ்நிலைக் கால்பந்து' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊரின் அணி என்பதால் 'ஊரணிக் கால்பந்து' எப்படி?

உங்கள் கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்.

———

மறுமொழி: திடலுலா

அண்ணை, வணக்கம். நல்ல பேச்சு ஒன்றைத் தொடங்கி வைத்திருக்கிறீர்கள்.

நான் கிழக்கு இலண்டனில், ஃபாரஸ்ட் கேட் பக்கம் இருக்கிறேன். எங்களுக்கு இது உதைபந்தாட்டம். கால்பந்து என்று எழுதினாலும் விளங்கும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் திடல் என்ற சொல் எங்கட பேச்சில் அவ்வளவாக இல்லை. பள்ளிக்கூடத்திலும் மைதானம், கழகத்திலும் மைதானம். இங்கிலாந்தில் இந்த ஆட்டங்களுக்குப் போகக்கூடிய தமிழரில் கணிசமானோர் ஈழத்தவர் என்பதையும் யோசியுங்கள்.

வீட்டுக்குக் கிட்டவே ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானம் இருக்கிறது. 1888 முதல் உதைபந்தாட்டம் நடந்த இடம். அங்கே ஆடிய பழைய கிளாப்டன் கழகத்தின் நிர்வாகத்தோடு முரண்பட்ட ரசிகர்கள் 2018இல் கிளாப்டன் கம்யூனிட்டி என்று தனிக் கழகம் தொடங்கினார்கள். ஸ்பானியக் குடியரசின் சிவப்பு, மஞ்சள், ஊதா நிறங்களில் அவர்கள் செய்த வெளியூர் ஆட்டச் சட்டைக்கு ஸ்பெயினில் இருந்தே ஆயிரக்கணக்கில் ஓடர் வந்தது. 2020இல் மைதானத்தின் நிலத்தையே உறுப்பினர்கள் வாங்கிவிட்டார்கள். ஆடுகிற நிலம் கையைவிட்டுப் போனதால் ஊர் ஊராக வாடகைக்கு அலைந்த கழகங்கள் இங்கே பல. அதனால் இந்தச் சின்னக் கழகங்களில் மைதானம் என்பது விளையாடுகிற இடம் மட்டுமில்லை, கழகத்தின் உயிரே அதுதான். நீங்கள் தேடுகிற சொல்லில் அந்த மரியாதை தெரிய வேண்டும்.

உலா என்பது எனக்குக் கொஞ்சம் இலேசாகப் படுகிறது, பின்னேரம் காற்று வாங்கப் போவது மாதிரி. பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகத் தரிசித்து, இத்தனை முடிந்தது, இத்தனை மிச்சம் என்று கணக்கு வைத்திருக்கிற பெரியவர்களைக் கண்டிருப்பீர்கள். அதே மனம்தான் இதிலும். ஆகவே 'மைதான யாத்திரை' என்று வைக்கலாம்.

———

மறுமொழி: திடலுலா / மைதான யாத்திரை

அன்புடையீர்,

முதலில் ஊரணியை விட்டுவிடுங்கள். பாண்டி நாட்டுப் பக்கம் ஊரணி என்றால் ஊர்க்குளம். 'ஊரணிக் கால்பந்து' என்றால் எங்கள் ஊரில் குளத்துக்குள் இறங்கி ஆடுகிறார்களா என்று கேட்பார்கள். ஏற்கெனவே குடியிருக்கும் சொல்லின் வீட்டில் புதுச் சொல்லைக் குடிவைக்கக் கூடாது. விளையாட்டுக் கழகம் என்பது தமிழகம், ஈழம் இரண்டிலும் புழக்கத்தில் உள்ளது. 'ஊர்க்கழகம்' என்று சொல்லுங்கள். 'ஊர்க்கழகக் கால்பந்து', வேண்டியவர்கள் 'ஊர்க்கழக உதைபந்தாட்டம்' என்று எழுதட்டும், இரண்டும் ஓடும்.

மைதானம், திடல் பற்றி. இலண்டன் தம்பி சொல்வது நியாயம், பேச்சில் மைதானம்தான் முந்தும். ஆனால் கலைச்சொல்லில் மூன்று பொருள்களைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. கோடு போட்டு ஆடும் பரப்பு ஆடுகளம். சுற்றிலும் இருக்கை உயர்த்திக் கட்டிய பெரிய கட்டடம் அரங்கம். இவை இரண்டுக்கும் நடுவே, ஆடுகளமும் சுற்றுக்கம்பியும் ஒரு பக்கத் தகரக் கூரையும் தேநீர் விற்கும் ஜன்னலும் நுழைவுச் சுழல்கதவும் சேர்ந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அதற்குத் திடல் பொருந்துகிறது. அடிச்சொல்லாகத் திடலை வைத்து, மைதானத்தை இணைச்சொல்லாக அகரமுதலியில் காட்டிவிடலாம்.

யாத்திரையை நான் ஏற்கவில்லை. பக்தி தொனிக்கிறது என்பதற்காக இல்லை. யாத்திரைக்குப் போகும் தலங்களின் பட்டியல் மாறாது. இந்த 92 ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறது. சட்டன் யுனைட்டெட் 2021இல் உள்ளே வந்தது, 2024இல் வெளியே போனது; அதே 2024இல் பிராம்லி முதல்முறையாக உள்ளே வந்தது. எவர்ட்டன் 2025இல் புது அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. நேற்று எல்லாம் முடித்தவருக்கு இன்று பாக்கி நிற்கிறது. அதற்குக் கீழேயோ பட்டியலே கிடையாது, போக விரும்பியவர் போய்க்கொண்டே இருக்கலாம். இதற்கு உலாவே போதுமான சொல். சுற்றுலா போகிறவர் எல்லாம் பொழுதுபோகாமலா போகிறார்கள்?

ஆளுக்கு என்ன பெயர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாடோடி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அந்த அச்சில் 'திடலோடி'.

———

மறுமொழி: திடலோடி

ஐயா, திடலோடியைப் படித்த கணத்திலேயே பிடித்துவிட்டது. எனக்கு வந்த ஒரே ஐயம், திடலில் ஓடுகிறவர் ஆட்டக்காரர் அல்லவா என்பது. நாடோடியை யாரும் நாட்டுக்குள் ஓட்டப்பந்தயம் ஓடுகிறவர் என்று எடுத்துக்கொள்வதில்லை, அதனால் பயமில்லை. செயலுக்குத் 'திடலோட்டம்' என்று போகாமல் திடலுலாவே இருக்கட்டும். திடலோட்டம் என்றால் பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்தவனைச் சுற்றி ஓடவிட்டது போல ஆகிவிடும். ஆளுக்கு ஒரு அடி, செயலுக்கு இன்னொரு அடி என்பதிலும் குறையில்லை. நாடோடி உண்டு, நாடோட்டம் இல்லையே.

ஊர்க்கழகத்தை உடனே ஒரு சோதனைக்கு வைத்துப் பார்த்தேன். 2010 முதல் 'நான்-லீக் டே' என்று ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்காகப் பெரிய கழகங்கள் ஓய்வில் இருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து, பக்கத்துச் சின்னத் திடலுக்குப் போங்கள் என்று அழைக்கும் நாள். 'லீக் அல்லாத நாள்' என்றால் அன்று லீக் ஆட்டமே இல்லை என்று தோன்றும். 'ஊர்க்கழக நாள்' என்றால் விளக்கமே வேண்டாம்.

மேலே 92இல் இருப்பவையும் ஊர்ப்பெயர் தாங்கிய கழகங்கள்தானே என்று யாராவது கேட்கலாம். கேட்பார்கள். கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் 'ஐந்தாம் அடுக்கும் அதற்குக் கீழும்' என்று வரையறுத்துவிட்டால் போதும். இன்னொன்று, இந்த அடுக்குகளை அவர்கள் 'ஸ்டெப்' என்று மேலிருந்து எண்ணுகிறார்கள், ஐந்தாம் அடுக்குதான் அவர்களுக்கு முதல் ஸ்டெப். தமிழில் படி என்று பெயர்த்தால் வாசகர் கீழிருந்து ஏறத் தொடங்கிவிடுவார், முதற்படி அடியில் போய்விடும். எனவே கட்டுரை முழுக்க அடுக்கு என்றே எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் சொன்ன மரியாதையை நான் மறக்கவில்லை. அதைச் சொல்லில் ஏற்றுவதைவிட விவரிப்பில் காட்டலாம் என்று நினைக்கிறேன். உங்கள் ஓல்ட் ஸ்பாட்டட் டாக் நிலம் வாங்கிய செய்தியைச் சேர்த்துவிட்டேன். மரைன் கழகத்தைப் பற்றிய பத்தியைப் புதுச் சொற்களோடு திருத்தியிருக்கிறேன், பாருங்கள்:

"லிவர்பூலுக்கு வடக்கே கிராஸ்பியில் உள்ள ரோசெட் பார்க், திடலோடிகள் தேடி வரும் திடல்களில் ஒன்று. ஒரு பக்கம் முழுக்க வீடுகளின் பின்தோட்டங்கள்; ஓங்கி அடித்த பந்து வேலி தாண்டி அங்கே போய் விழும். எட்டாம் அடுக்கில் இருந்த இந்த ஊர்க்கழகம் 2021 ஜனவரி 10 அன்று பல அடுக்குக் கழகங்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில், முதல் அடுக்கின் டாட்டன்ஹாமை இதே திடலில் சந்தித்தது. தரவரிசையில் இரு கழகங்களுக்கும் இடையே 161 இடங்கள். கொரோனாவால் ஆட்டத்தைத் திடலில் பார்க்க ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் கழகத்துக்கு உதவியாக விற்ற மெய்நிகர் நுழைவுச்சீட்டை 30,000க்கும் மேற்பட்டோர் வாங்கினர். மரைன் 0-5 எனத் தோற்றது."

படித்துப் பார்த்ததில் எந்தச் சொல்லும் துருத்தவில்லை என்று எனக்குப் படுகிறது. மைதானத்தை இணைச்சொல்லாக அடைப்பில் தருகிறேன்.

பாக்கி ஒன்றுதான். சில சின்ன லீக்குகள் வெளியூர்க்காரர்களுக்காகவே ஒரு வார இறுதியில் ஆட்டங்களை வெவ்வேறு நேரத்துக்கு மாற்றி, காலையில் ஒரு திடல், மதியம் ஒன்று, மாலையில் ஒன்று என்று பார்க்க வழி செய்கின்றன. அதை 'ஹாப்' என்கிறார்கள். 'கூட்டுத் திடலுலா' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று கட்டுரையை ஏற்றப்போகிறேன்.

அன்புடன்.