கலைச்சொல் வேண்டும்: ‘அன்அஃபிஷியல் கைடு’ தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நான்கு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன், உதவுங்கள்.

என் நாத்தனார் குடும்பம் ஃபுளோரிடாவுக்குப் போகிறது. ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஐந்து நாள். போவதற்கு முன்னால் வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரியமாகத் தெரியவில்லை. எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது வளர்ந்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற அளவுக்கு ஒரு கட்டுரையாகிவிட்டது.

இந்தப் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. பூங்கா நிறுவனமே வெளியிடுவது, அல்லது அதன் ஒப்புதலோடு வருவது, ஒரு வகை. நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் தாங்களே டிக்கெட் வாங்கி உள்ளே போய், வரிசையில் நின்று, கால் கடுக்க நடந்து எழுதுவது இன்னொரு வகை. ஆங்கிலத்தில் முதலாவது அஃபிஷியல், இரண்டாவது அன்அஃபிஷியல். நானும் அகராதியைப் பார்த்து ‘அதிகாரப்பூர்வ வழிகாட்டி’, ‘அதிகாரப்பூர்வமற்ற வழிகாட்டி’ என்று போட்டேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதிகாரப்பூர்வமற்றதையே முதலில் வாங்குங்கள் என்றும் எழுதியிருந்தேன். படித்துவிட்டு நாத்தனார் கேட்டார்: “ஏன் அண்ணி, திருட்டுப் பதிப்பையா வாங்கச் சொல்றீங்க?”

அந்தக் கேள்வியில்தான் விஷயம் எனக்குப் புரிந்தது. ‘அதிகாரப்பூர்வமற்ற’ என்றாலே தமிழில் அது ஒரு குறைச்சொல். அதிகாரப்பூர்வமற்ற தகவல் என்றால் நம்பக் கூடாத தகவல். நான் பரிந்துரைக்கும் புத்தகத்தை என் சொல்லே கீழே தள்ளிவிட்டது.

இதைப் பெயர்ச் சிக்கல் என்று மட்டும் விட்டுவிட முடியாது. எதை வாங்குவது என்கிற முடிவே அதில்தான் இருக்கிறது. அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் ஸ்பேஸ் மவுண்டன் என்று ஒன்று உண்டு. இருட்டுக்குள் ஓடுகிற ரோலர் கோஸ்டர். நிறுவனம் சார்ந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் விண்வெளி, விண்மீன், கண்ணைப் பறிக்கும் படம். ஏறுவதற்குக் குறைந்தது 44 அங்குலம், அதாவது 112 செ.மீ., உயரம் வேண்டும் என்பதும் இருக்கும். அது விதி, அதை யாரும் மறைப்பதில்லை. போய்வந்தவர் எழுதிய நல்ல புத்தகமோ அதற்கு மேலும் சொல்லும். எந்த வயதுப் பிள்ளைகள் உள்ளே மிரளுகிறார்கள், கழுத்து வலி உள்ளவர்கள் ஏன் யோசிக்க வேண்டும், காலையில் திறந்தவுடன் போவதற்கும் பிற்பகலில் போவதற்கும் வரிசையில் எவ்வளவு வேறுபாடு, உயரம் போதாத பிள்ளையோடு அம்மா வெளியே நிற்க, அப்பா ஏறி இறங்கி வந்ததும், அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஆள் மாறிக்கொள்வது எப்படி, எல்லாம் இருக்கும். நாத்தனாரின் சின்னவனைக் கதவு நிலையில் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்தோம். 109. மூன்று சென்டிமீட்டர் குறை. இது வீட்டுக் கதவருகே தெரிவது வேறு, முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வாசலில் தெரிவது வேறு.

நிறுவனப் புத்தகம் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. வரைபடமும் பெயர்களும் அதில் திருத்தமாக இருக்கும். படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் மாதக்கணக்கில் கனவு காண்பார்கள், அதுவும் பயணத்தின் ஒரு பாதிதான். ஆனால் ‘இதை விட்டுவிடுங்கள், நேரம் வீண்’ என்று மட்டும் அந்தப் புத்தகத்தால் சொல்ல முடியாது. அந்த இடமோ ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். 1971இல் மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் இன்றைய ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998இல் அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள், அவை போக இரண்டு நீர்ப்பூங்காக்கள். ஐந்து நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. எதை விடுவது என்று சொல்லத்தான் புத்தகமே வேண்டியிருக்கிறது.

நான் முயன்று பார்த்த சொற்கள் இவை. ‘தனியார் வழிகாட்டி’: பூங்காவே தனியாருடையதுதானே, வேறுபாடு தெரியவில்லை. வழிகாட்டி என்றால் கூட வருகிற ஆள் என்றும் பொருள்படுகிறது. ‘தற்சார்பு’: அது தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வது. ‘நடுநிலைக் கையேடு’: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. நல்ல புத்தகம் நடுவில் நிற்காது. பணம் கொடுத்து உள்ளே போகிறவர் பக்கம் நிற்கும்.

கடைசியில் என் மனம் நிற்பது ‘ஆற்றுப்படை’யில். ஆறு என்றால் வழி. வழிப்படுத்துவது ஆற்றுப்படை. போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்லி அனுப்புவதுதானே அது? ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்கிறது தொல்காப்பியம். பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, இந்த வகை. அவற்றில் ஒன்றான மலைபடுகடாத்தைப் புரட்டிப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், பொழுது விடிந்த பிறகு போங்கள் என்கிறது. புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், பார்த்துப் போங்கள் என்கிறது. பாசி படிந்து வழுக்கும் இடத்தைச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுகூட இருக்கிறது, ஆமூரில் சோறும் நண்டுக் கறியும். இன்றைய பயணப் புத்தகம் செய்வது எல்லாம் இதில் இருக்கிறது. ‘உலா’ என்ற இலக்கிய வகை ‘சுற்றுலா’வாக நம் வாயில் புழங்குகிறதே, ஆற்றுப்படையும் புழங்காதா?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

———

மறுமொழி:

அன்புள்ள அம்மா,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். நல்ல கேள்வி. ஆற்றுப்படை என்ற சொல்லில் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

பதினொரு வயதுப் பேரன் பக்கத்தில் இருந்தான். எழுதிக் காட்டினேன். “ஆத்துல போற படையா தாத்தா?” என்றான். புத்தகத்தின் அட்டையில் போடும் சொல்லுக்குப் பக்கத்தில் நின்று நாம் உரை சொல்ல முடியாது. இன்னொன்று, இலங்கையில் ‘ஆற்றுப்படுத்தல்’ என்பது மனக்கலக்கத்தில் இருப்பவருக்குத் தரும் ஆலோசனைக்கு வழங்குகிறது. பயனுள்ள சொல், அந்த இடத்தில் நன்றாக வேரூன்றியும் விட்டது. அதைக் குழப்ப வேண்டாம்.

இவை சின்னத் தடைகள். பெரிய தடை உங்கள் மடலிலேயே இருக்கிறது. ‘இதை விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல முடிவதுதான் அந்தப் புத்தகத்தின் உயிர் என்கிறீர்கள். ஆற்றுப்படை எதையாவது விடச் சொல்கிறதா? வழியின் கேட்டை ஒளிக்காமல் சொல்கிறது, சரி. போய்ச் சேரும் இடத்தைப் பற்றி? நன்னன் வள்ளல், நல்லியக்கோடன் வள்ளல், கரிகாலன் வள்ளல். போ, பொன் தருவான், தாமரை சூட்டுவான், ஏழடி பின்வந்து வழியனுப்புவான். முழுக்கப் புகழ்ச்சி. பாடியவரும் பரிசில் பெற்றவர். அப்படிப் பார்த்தால் ஆற்றுப்படை என்ற பெயர் நிறுவனம் வெளியிடும் புத்தகத்துக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

உங்களிடமே நல்ல சொல் கிடைக்கிறது. ‘வரிசையில் நின்று, கால் கடுக்க நடந்து எழுதுவது’ என்றீர்கள். பட்டு அறிந்தது. ‘பட்டறிவுக் கையேடு’ என்று வைத்தால் என்ன? பட்டறிவு எல்லோருக்கும் தெரிந்த சொல். பட்டால்தான் தெரியும் என்று தினமும் சொல்கிறோம். கையேடு என்றால் ஆளோடு குழப்பமும் வராது.

அன்புடன்.

———

மறுமொழிக்கு மறுமொழி:

அன்புள்ள ஐயா, மற்றும் குழுவினருக்கு,

நன்னனையும் நல்லியக்கோடனையும் காட்டி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. வழியைப் பார்த்த கண்ணால் நான் வாசலைப் பார்க்கவில்லை. ஆற்றுப்படையை விட்டுவிடுகிறேன்.

பட்டறிவுக் கையேட்டை வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். சொல்லைத் தனியாக நிறுத்தி அழகு பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, வாக்கியத்தில் ஓடினால்தான் சொல். ‘முதல்முறை போகிறவர்கள் ஒரு பட்டறிவுக் கையேடு வாங்கிக்கொள்ளுங்கள்.’ ஓடுகிறது. ‘இது நிறுவனக் கையேடா, பட்டறிவுக் கையேடா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.’ இதுவும் ஓடுகிறது. யார் எழுதியது என்று ஒரு சொல், எப்படி அறிந்து எழுதியது என்று ஒரு சொல். இரண்டிலும் இழிவு இல்லை, அதுதான் எனக்கு வேண்டியது.

‘சுயாதீன வழிகாட்டி’ என்று எழுதிய யாழ்ப்பாண நண்பருக்கு: பொருள் மிகச் சரி. உங்கள் பக்கம் பத்திரிகையில் அன்றாடம் வருகிற சொல் என்பதும் தெரியும். ஆனால் சுயாதீனமாக இருப்பது மட்டும் போதாது. வீட்டில் உட்கார்ந்து பத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பதினோராவதை எழுதுகிறவரும் சுயாதீனர்தான். அவர் எழுதியதைப் பட்டறிவுக் கையேடு என்று சொல்ல முடியாது. வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வியை இந்தச் சொல் தானே கேட்டுவிடுகிறது: எழுதியவர் போனாரா? எத்தனை முறை? யாரோடு? பிள்ளைகளோடு போனவர் எழுதியதற்கும் தனியாகப் போனவர் எழுதியதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

‘தீம் பார்க்’குக்குக் கருப்பொருள் பூங்கா சரிதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சரி. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒவ்வொரு திணைக்கும் உரியவற்றைத்தானே இலக்கணத்தில் கருப்பொருள் என்கிறோம்? 1955இல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டில் செய்ததும் அதுவே. அட்வென்ச்சர்லேண்டில் வெப்பமண்டல மரங்கள், முரசுத் தாளம். நாலடி தள்ளி ஃபிரான்டியர்லேண்டில் கால் வைத்தால் மரக் கட்டடங்கள், பழைய மேற்கத்தியப் பாட்டு, வேலை செய்கிறவர்களின் உடைகூட வேறு. முன்பு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ, ‘தீம்’ என்பதற்கு அகராதிப் பொருளாகத்தான் போட்டிருப்பார்கள். இலக்கணப் பொருளும் தானாக வந்து பொருந்திக்கொண்டது. மாற்ற வேண்டாம்.

ஒரு சொல் மட்டும் இன்னும் உறுத்துகிறது: ‘எடிஷன்’. பதிப்பு என்று போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம்மிடம் மறுபதிப்பு என்றால் பல நேரம் அதே புத்தகத்தை அப்படியே மறுபடி அச்சடிப்பது. பூங்காக் கையேட்டில் அது ஆபத்து. நாத்தனாருக்கு ஒரு தோழி 2019 பதிப்பை அன்போடு கொடுத்திருக்கிறார். பளபளவென்று புதிதாகவே இருந்தது. அதில் பக்கம் பக்கமாக ஃபாஸ்ட்பாஸ் பற்றி. 1999இல் வந்த முறை அது. கூடுதல் கட்டணம் இல்லாமல் குறுகிய வரிசையில் போகலாம். 2021இல் அதை முடித்துவிட்டு ஜீனி பிளஸ் என்று கட்டண முறை கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் அதையும் மாற்றி லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் ஆக்கினார்கள். அதே புத்தகம் தவறவிடாதீர்கள் என்று சொல்லும் நீர்ச் சவாரியான ஸ்பிளாஷ் மவுண்டனை 2023 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வேறு கதை, வேறு பெயர். பழைய புத்தகம் என்று ஒதுக்கினால் தோழி மனம் வருந்துவாரே என்று நாத்தனாருக்குத் தயக்கம். படங்களுக்காகப் பிள்ளைகளிடம் கொடுங்கள், திட்டத்துக்குப் புதியது வாங்குங்கள் என்றேன்.

அதனால் ஆண்டுதோறும் திருத்தி வருவதை ‘ஆண்டுப் பதிப்பு’ என்றும், வெறுமே மறுபடி அச்சடிப்பதை ‘மறு அச்சு’ என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள். கட்டுரையில் ஒரு வரியும் சேர்த்தேன்: ஆண்டுப் பதிப்பு என்றாலும் அட்டையில் இருக்கும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள், அச்சுக்குப் போகும் முன் எழுதியதுதான் உள்ளே இருக்கும், கட்டணம், திறக்கும் நேரம் இரண்டையும் பூங்காவின் வலைத்தளத்திலேயே பாருங்கள்.

எந்த நாளில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று காட்டும் ‘க்ரவுட் காலண்டர்’, நெரிசல் நாட்காட்டி. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ‘ரோப் டிராப்’. காலையில் கூட்டத்தை ஒரு கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தி, நேரம் வந்ததும் கயிற்றை எடுத்து உள்ளே விடுவதிலிருந்து வந்த பெயர். நல்ல பட்டறிவுக் கையேடுகள் எல்லாம் அந்த நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள் என்கின்றன. முதல் ஒரு மணி நேரத்தில் பார்க்க முடிவதைப் பிற்பகலில் மூன்று மணி நேரம் கொடுத்தாலும் பார்க்க முடியாது. ‘கயிறவிழ்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், எதையோ கட்டவிழ்ப்பது போல் இருக்கிறது. ‘நடை திறப்பு’ என்று சொல்லலாமா? கோயிலுக்கு உரிய சொல், பூங்காவுக்கு எடுக்கக் கூடாது என்று யாருக்காவது தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள். ‘நடை திறக்க அரை மணிக்கு முன்னால் வாசலில் இருங்கள்’ என்று நாத்தனாரிடம் வாய்மொழியாகச் சொன்னபோது அவர் என்னவென்று கேட்கவில்லை. “அப்போ ஏழு மணிக்கே கிளம்பணும் அண்ணி” என்றார்.

அன்புடன்.