பழைய கல்யாண கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் வாருங்கள்

பரண்வாசி:
பெரியப்பா வீட்டு வீடியோ டெக்கை வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் பதிவுசெய்யும் யுஎஸ்பி கேப்சர் கருவியை மாட்டி, அக்காவின் 1994 கல்யாண கேசட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். படம் சுமார்தான், டிராக்கிங்கைத் திருகினால் கோடு போகிறது. பந்தி வந்தது. தாத்தா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பளத்தைத் தூக்கிக் காட்டி கேமராவிடம் ஏதோ சொல்கிறார், சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள், அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார். கேட்பது சினிமாப் பாட்டு! மிக்சிங்கில் பந்தி முழுக்கப் பாட்டைப் போட்டுவிட்டார் வீடியோக்காரர். தாத்தா குரல் வேறு எதிலும் இல்லை. அம்மாவைக் கேட்டால் ஏதோ கிண்டல், ஞாபகமில்லை என்கிறார்.

நாடாச்சுருள்:
என் கேசட் பூஞ்சையில் போனது, அதை விடுங்கள். உங்கள் டெக் ஹைஃபையா? விஎச்எஸ் நாடாவில் சத்தம் ஓரத்தில் ஒரு டிராக்கில் பதிவாகும், ஹைஃபை என்றால் படத்தோடு சேர்ந்து இன்னொன்றும் இருக்கும். ஆடியோ டப் செய்தால், அதாவது படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் மாற்றிப் பதிந்தால், ஓர டிராக்தான் அழியும், மற்றதில் பழைய சத்தம் அப்படியே கிடக்கும். ஹைஃபை டெக் யாரிடமாவது கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அப்புறம், கேசட் ஜன்னலில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். பதிவை 720x576, நொடிக்கு 25 பிரேமில் வையுங்கள், அசைவில் தெரியும் கோடுகளைப் போக்கும் டிஇன்டர்லேஸ் எல்லாம் பிறகு. அசல் ஃபைலை அழிக்காதீர்கள். டெக்கைப் பத்திரமாக வையுங்கள், 2016க்குப் பிறகு புதிதாக யாரும் செய்வதில்லை.

தெற்குவீதி:
நாடாச்சுருள், வீணாக ஆசை காட்டாதீர்கள். கல்யாண வீடியோவில் ஏது ஹைஃபை? எங்கள் ஊரில் டெக்குகளை மிக்சரோடு சேர்த்து ஓட்டி வேறு கேசட்டில்தான் எடுப்பார்கள், பாட்டும் அங்கேயே ஏறிவிடும். நம் கைக்கு வருவது காப்பி. அசல் கேசட்டில் அடுத்த முகூர்த்தம் பதிவாகியிருக்கும்.
என் கதை வேறு. லேப்டாப் திணறி பிரேம் பிரேமாக விட்டிருக்கிறது, சத்தம் மட்டும் முழுசாகப் பதிவாகியிருக்கிறது. முகூர்த்தம் வரும்போது படம் முந்திப் போய்விட்டது. அப்பா தாலி கட்டி, அட்சதை விழுந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு ‘கெட்டி மேளம், கெட்டி மேளம்’ என்று குரல் வருகிறது. அம்மா இன்றுவரை இதைச் சொல்லியே அப்பாவை ஓட்டுகிறார்.

பனங்கொட்டை:
நாங்கள் ரொறன்ரோவில். ஊரிலிருந்து வந்த சாமத்தியவீட்டு (பூப்புநீராட்டு விழா) கொப்பி ஊரில் புழங்கும் பால் (PAL) வீடியோ முறை, இங்குள்ள டெக் வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறை, போட்டால் படம் உருண்டுகொண்டே இருந்தது. இரண்டும் ஓடும் டெக் தேடிப் பிடித்த பிறகுதான் அம்மம்மாவின் முகத்தைக் கண்டோம். பரண்வாசி, உதட்டசைவு வாசிக்கத் தெரிந்த ஆரிடமாவது அந்தத் துண்டைக் காட்டிப் பார்க்கலாமே?

பரண்வாசி:
யோசித்தேன். தாத்தா மீசையைப் பார்த்தால் நீங்கள் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். என்னிடமுள்ள டெக் ஹைஃபை இல்லாத மோனோதான், பெரியப்பாவின் மச்சினரிடம் ஹைஃபை இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை வாங்கப் போகிறேன்.