நாலாம் கேள்வியில் மூன்று இரவு

வாட்ஸ்அப் குழு: கோண்டாவில் வீடு

[இரவு 8:04] அம்மா: மச்சாள், இருக்கிறீங்களா? சின்னவள் கணக்கீட்டு ஒன்லைன் கோர்ஸில் மூன்று இரவாக ஒரே பாடத்தில் நிற்கிறாள். 5 கேள்விக்கும் சரியாக விடை சொன்னால்தான் அடுத்த வீடியோ திறக்குமாம். சாப்பிடக் கூட எழும்புகிறாள் இல்லை.

[8:07] சித்தப்பா: அண்ணி, அது நல்ல முறைதானே. ஒரு பாடம் விளங்காமல் அடுத்ததுக்கு விட்டால் அத்திவாரம் இல்லாமல் சுவர் கட்டின மாதிரி.

[8:08] தங்கச்சி: சித்தப்பா, நான் இப்போதுதான் அதைத் தாண்டினேன். ஆனால் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதுதான் அழுகை வருகிறது.

[8:11] நான்: மாமி, இவளுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கேள்வி 4: "கடனுக்குப் பொருள் விற்றால் வரவு (debit) வைக்க வேண்டிய கணக்கு எது?" 1 காசு, 2 விற்பனை, 3 கடன்பட்டோர், 4 கடன்கொடுத்தோர். பக்கத்தில் பென்சிலால் 1 பிழை, 2 பிழை, 4 பிழை, 3 சரி என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு பிழைக்கும் அதே வீடியோவை முதலில் இருந்து முழுக்கப் பார்க்க வேண்டுமாம். ஏன் பிழை என்று ஒரு வரி கூட வருவதில்லை. டேற்றாவும் முடிந்துவிட்டது.

[8:19] மாமி: பிள்ளை, அழாதே. நீ செய்தது களவு இல்லை, எல்லாம் சரி வரும்வரை அடுத்த வீடியோவைத் திறக்காத அந்தப் பூட்டு உன்னை அப்படிச் செய்ய வைத்தது. எல்லாரும் ஒன்றைக் கவனியுங்கோ. நாலு விடை உள்ள 5 கேள்விக்கும் குருட்டாம்போக்கில் ஒரே தடவையில் சரி சொல்ல 1024 இல் ஒரு வாய்ப்புத்தான். ஆனால் எந்தக் கேள்வி பிழை என்று காட்டி, அதே கேள்வியையே திருப்பித் திருப்பிக் கொடுத்தால், பாடத்தைத் திறந்தே பார்க்காதவனும் அதிகம் போனால் நாலாவது தடவையில் 5க்கு 5 எடுத்துவிடுவான். அப்போது அந்தப் பூட்டு அளப்பது பொறுமையைத்தான், கணக்கை அல்ல.

[8:21] சித்தப்பா: அப்படியென்றால் பூட்டே வேண்டாம் என்கிறீங்களா அக்கா? எல்லாரும் வீடியோவை ஓடவிட்டுச் சேர்டிபிக்கேற் எடுப்பார்கள்.

[8:30] மாமி: இல்லைத் தம்பி, சோதனை கட்டாயம் வேண்டும். 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு பேர் செய்த ஆய்வு இருக்கிறது. ஒரு பந்தியைத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள், ஒரு கிழமை கழித்துக் கேட்டால் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகினவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். பூட்டும் புதிது இல்லை. 1920களிலேயே அமெரிக்காவில் ஒஹாயோவில் பிரெசி என்ற பேராசிரியர் நாலு சாவி உள்ள ஒரு பெட்டி செய்தார், சரியான சாவியை அழுத்தும் வரைக்கும் அடுத்த கேள்வி வராது. பிறகு 1968 இல் புளூம் என்ற கல்வி ஆய்வாளர் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம்: தேறாத பிள்ளையிடம் அதே பாடத்தை அதே மாதிரித் திரும்பக் கொடுக்காதே, வேறு வழியால் விளங்கப்படுத்து, அதற்குப் பிறகு அதே விஷயத்தில் வேறு கேள்வி கேள். இந்தக் கோர்ஸ்காரர் பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள்.

[8:34] ரொறன்ரோ அண்ணா: மாமி சொல்வது சரி, ஆனால் சில இடத்தில் 100க்கு 100 கேட்கத்தான் வேண்டும். என் வேலையிடத்தில் துப்புரவு இரசாயனப் பயிற்சியில் அப்படித்தான். பிளீச்சோடு அசிட் கலந்தால் குளோரின் வாயு வரும். அந்தக் கேள்விக்குப் பிழை விட்ட ஒருவரை வாளியோடு உள்ளே அனுப்ப ஏலாது.

[8:36] மாமி: அது முழுக்கச் சரி. உயிரோடு விளையாடும் கேள்விக்கு இரும்புப் பூட்டுத்தான். வரவு செலவு அப்படி இல்லை, நாலாம் பாடத்தில் குழம்பினது ஆறாம் பாடத்தில் தெளிகிற பிள்ளைகள் எத்தனை பேரை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

[8:37] தங்கச்சி: எனக்கு ஏன் காசு இல்லை என்று மட்டும் சொல்லுங்கோ. விற்றால் காசு வரும்தானே?

[8:43] சித்தப்பா: இதை நான் சொல்கிறேன் பிள்ளை. நம் கடைக்கு ஒருவர் வந்து ஒரு மூட்டை அரிசி எடுத்துக்கொண்டு, சம்பளம் வந்ததும் தாறன் என்கிறார். என் மேசை லாச்சியில் காசு விழுந்ததா? இல்லை. அரிசி போய்விட்டது. அதற்குப் பதிலாக என்னிடம் இருப்பது அந்த நீலக் கொப்பியில் அவருடைய பெயரும் தொகையும்தான். அந்தப் பெயர்தான் கடன்பட்டோர். எனக்கு வரவேண்டியது கூடினபடியால் அதை வரவு வைக்கிறோம்.

[8:44] தங்கச்சி: ஓ. அந்த நீலக் கொப்பி!

[8:46] மாமி: சரி, இப்போது வேறு கேள்வி. பத்து நாள் கழித்து அவர் காசைக் கொண்டுவந்து தருகிறார். எது வரவு, எது செலவு (credit)? விடைகள் தரமாட்டேன், நீயே எழுது.

[8:50] தங்கச்சி: காசு வரவு. கடன்பட்டோர் செலவு. ஏனென்றால் இப்போது லாச்சியில் காசு விழுகிறது, கொப்பியில் அவருடைய பெயரை வெட்டுகிறோம். விற்பனையைத் தொடத் தேவையில்லை, அது அரிசி கொடுத்த அன்றே எழுதியாயிற்று.

[8:51] அம்மா: மூன்று இரவு வீடியோ செய்யாததைத் தம்பி ஏழு நிமிடத்தில் செய்துவிட்டார்.

[8:58] மாமி: மச்சாள், நான் இப்போது மூடில் (Moodle) என்ற ஒன்லைன் வகுப்புத் தளத்தில் என் வகுப்புச் சோதனைகளைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் இதெல்லாம் செய்யலாம். ஒவ்வொரு முறையும் கேள்வி வங்கியில் இருந்து வேறு கேள்வி எடுக்கச் சொல்லலாம், இரண்டு முயற்சிக்கு இடையில் கட்டாய இடைவெளி வைக்கலாம், ஒவ்வொரு பிழை விடைக்கும் அதற்கான விளக்கத்தை எழுதலாம். காசு என்ற விடையைத் தெரிவுசெய்தவனுக்கு "காசு இன்னும் கைக்கு வரவில்லையே" என்ற ஒரு வரி போதும். அந்த வரிகளை எழுதத்தான் நேரம் போகும், பல கேள்விக்கு நானும் எழுதவில்லை. இந்தக் கிழமைக்குள் எழுதிவிடுவேன். தேர்ச்சியை 80 ஆக வைத்து, இரண்டு தடவை தவறினால் என்னைக் கேள் என்று என் நம்பரையும் போடப்போகிறேன்.

[8:59] நான்: மாமி, அந்தக் கோர்ஸ்காரருக்கும் இதை எழுதி அனுப்பலாமா? கொப்பிப் பக்கத்தின் படத்தோடு?

[9:00] மாமி: கட்டாயம் அனுப்பு. கோபமாக எழுதாதே, எந்தக் கேள்வி, எத்தனை தடவை, என்ன காட்டியது என்று வடிவாக எழுது.

[9:04] தங்கச்சி: சித்தப்பா, அரிசி எடுத்தவர் காசு தர முதல், வண்டு இருக்கிறது என்று பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தால் கொப்பியில் என்ன செய்வீர்கள்?

[9:05] மாமி: அதுதான் உட்திரும்பல், உன்னுடைய அடுத்த பாடம். வீடியோ இப்போது திறந்துதானே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்.