தம்பி செபமாலைத் துறவிகளோட சேரப்போறானாம், அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார் அக்காமார். என்ர தம்பிக்கு 24 வயசு, பாங்கில வேலை, இப்ப யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில 1928ல தோமஸ் அடிகளார் தொடங்கின ரொசேரியன் சபையில, அதுதான் செபமாலைத் துறவிகள் எண்டுற கத்தோலிக்கத் துறவற சபையில, சேரப்போறன் எண்டு நிக்கிறான். எங்களுக்கு தோலகட்டி எண்டா நெல்லிரசம் மட்டும்தான் தெரியும், அங்க செபமும் மௌனமும் கைவேலையுமா வாழுற வாழ்க்கையைப் பற்றி ஒண்டும் தெரியாது.

விடிய நாலரைக்கு எழும்பி விறாந்தையில செபமாலையோட இருக்கிறான், போன் உள்ளுக்க சார்ஜில கிடந்து அடிக்கும், எடுக்கவே மாட்டான். அம்மா அவன்ர வேலைச் சேட்டை அயன் பண்ணிக்கொண்டே அழுறா. ஒரே ஆம்பிளைப் பிள்ளை. நான் மறிக்கேல்ல, அவன்ர முகத்தில இப்பிடி ஒரு அமைதியை நான் முந்தி கண்டதில்லை.

நவதுறவகம் எண்டுற பயிற்சிக்காலம் குறைஞ்சது 12 மாசம், பிறகும் குறைஞ்சது 3 வருசம் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது கொஞ்சக் காலத்துக்கு மட்டும் குடுக்கிற துறவற வாக்கு எண்டு அம்மாட்ட சொன்னனான், அவசரப்பட்டு கட்டிப்போடமாட்டினம் எண்டு.

உங்கட வீட்டில ஆராவது இப்பிடி தியான மடத்துக்குப் போயிருந்தா சொல்லுங்கோ, வீட்டுக்கு வர விடுவினமா, அம்மாக்கு வருத்தம் எண்டா? சேர முதல் கொஞ்ச நாள் அங்க தங்கிப் பாக்கலாமா? அம்மாவோட கதைக்கக்கூடிய, பிள்ளையைக் குடுத்த ஒரு தாய் இருந்தா இன்பொக்ஸ் பண்ணுங்கோ ப்ளீஸ்.